அப்பா அறைக்கு என்ன நிறம்?

பெயிண்ட் ஷேடு கார்டு சின்னவள் கைக்குப் போன நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. கவனித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை வயிறாவது சாப்பிட்டிருப்பாள். யாரும் கேட்காத பட்டினி அல்லவா, வீம்பு ஏறிக்கொண்டே போயிற்று.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் முதல்முறையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தலைவர் டெய்லர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மனைவி இல்லை. இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணமான பிறகும் கணவனோடு இதே வீட்டில் இருந்துகொண்டு, அப்பாவின் தையல் கடையில் கூடமாட வேலை செய்கிறவள். சின்னவள் படித்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போனவள். போன வாரம் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கி, "இங்கேயே மாத்தல் வாங்கிட்டேன்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான். விரல் வைத்தால் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிற சுவர்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய டெய்லர், மறுநாளே பெயிண்டரைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டார். கூட்டிவந்தது போதாதென்று ஷேடு கார்டைச் சின்னவள் கையில் கொடுத்து, "உனக்கு எது பிடிக்குதோ அதைச் சொல்லும்மா" என்று வேறு சொல்லிவிட்டார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எக்ஸ்ரே எடுக்கறவளுக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்? நாள் பூரா அவ பாக்கறது கருப்பும் வெள்ளையும்" என்று கணவனிடம் பொருமினாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். இரண்டு பெண்களுக்கு நடுவில் தானே போய் மாட்டிக்கொள்ள அவன் என்ன பைத்தியமா? "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டான்.

வெறும் கார்டுக்கா இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். கார்டு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது.

டெய்லருக்கு நிறம் தெரியாது.

எல்லா நிறமும் இல்லை. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்று. அவையே வெளிறிப் போனால் இரண்டும் சாம்பலோடு சாம்பலாகச் சேர்ந்துவிடும். பிறவியிலேயே அப்படி. துணி தைத்துப் பிழைக்கிறவர் இதை வெளியே சொல்ல முடியுமா? சொல்லவில்லை. மனைவி இருந்தவரை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு அந்த முக்காலியில் பெரியவள் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு உட்கார்ந்தவள், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

நூல் எடுத்துக் கொடுப்பதோடு அது நிற்கவும் இல்லை. அவளுடைய பேச்சே மாறிப் போயிற்று. எதைச் சொன்னாலும் நிறத்தைச் சேர்த்துத்தான் சொல்வாள். "அந்தச் சிவப்பு பக்கெட்டை நகர்த்துங்க." "பச்சைத் துண்டு காஞ்சிடுச்சா பாருங்க." "ஸ்கூல் மேடம் மெரூன் துணி கொண்டாந்திருக்காங்கப்பா." கேட்கிறவர்களுக்கு அது ஒரு வாய்ப்பழக்கம். "காக்காயைப் பாத்தாக்கூட கருப்புக் காக்காம்பா" என்று அவள் கணவனே கேலி செய்வான். அவனுக்கே தெரியாது. நாலு பேர் முன்னால் அப்பா தடுமாறிவிடக் கூடாதே என்று அவள் வாய் வலிக்கச் சேர்த்துக்கொண்ட வார்த்தைகள் அவை. டெய்லரும் வெளியாட்கள் முன்னால் ஒரு நிறத்தின் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார். 'இந்தத் துணி', 'அந்தத் துணி' என்பதோடு சரி.

தங்கைக்குப் படிப்பு கிடைத்தது, வேலை கிடைத்தது, அப்பாவின் செல்லமும் கிடைத்தது. பெரியவளுக்குக் கிடைத்தது இந்த ரகசியம் ஒன்றுதான். அப்பாவுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம், இதில் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை வரை அப்படித்தான் நினைத்தாள்.

வீடு தலைகீழாகக் கிடந்தது. கூடத்து நடுவில் சோபா, டி.வி., பீரோ எல்லாம் பழைய பெட்ஷீட்டுகளைப் போர்த்திக்கொண்டு குவிந்திருந்தன. உப்புத்தாள் தேய்த்த தூள் எங்கும் படிந்து, குடிக்கிற டீயில்கூட ஒரு நரநரப்பு. ஸ்விட்ச் போர்டுகளின் மேல் பெயிண்டர் காகிதம் ஒட்டியிருந்தார். அதற்கு மேலேயே தடவிப் பார்த்து அழுத்தியதில் ஃபேனுக்குப் பதில் லைட்டும், லைட்டுக்குப் பதில் ஃபேனும் ஓடின.

இந்தக் களேபரத்தில் கடைக்குக் கிளம்பிய டெய்லர் செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். பெரியவள் சமையலறையில் இருந்தாள்.

"அப்பா, உங்க பிரவுன் செருப்பு இங்க இருக்கு பாருங்க. பச்சை டிரம்முக்குப் பின்னாடி" என்றது சின்னவளின் குரல்.

பெரியவளின் கை, கழுவிக்கொண்டிருந்த தம்ளரோடு அப்படியே நின்றது.

செருப்பு என்றால் போதாதா? அது என்ன பிரவுன் செருப்பு? இந்த வீட்டில் இருப்பதே ஒரு டிரம், அதற்கு எதற்குப் பச்சை? டெய்லர் சர்வசாதாரணமாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தச் சாதாரணத்தைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். "என்னடி, புதுசா ஒரு மாதிரி பேசறே?"

"என்ன புதுசு?"

"பிரவுன் செருப்பு, பச்சை டிரம்மு..."

சின்னவள் சிரித்தாள். "உன் தங்கச்சிதானே. ஒட்டிக்கிச்சு போல."

ஒட்டிக்கொண்டதாம். பெரியவளுக்குக் காதுமடல் சூடேறியது. அப்பா சொல்லிவிட்டார். வந்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேறு எப்படித் தெரியும்? ஒருவேளை நாளைக்கே, 'நீ கொஞ்சம் ஓய்வெடும்மா, லீவு நாள்ல சின்னவ நூல் எடுத்துத் தருவா' என்பார். அதற்கடுத்த நாள் முக்காலியும் போய்விடும்.

"டெய்லர் சார்! ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போயிடுங்க" என்று உள்ளேயிருந்து பெயிண்டர் கூப்பிட்டார்.

அப்பாவின் அறையில் பட்டி பார்த்து முடித்திருந்த சுவரில் பெயிண்டர் இரண்டு கட்டம் தீட்டி வைத்திருந்தார். ஒன்று இளம்பச்சை, இன்னொன்று க்ரீம். டெய்லர் இரண்டின் முன்னாலும் நின்று, கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் பெரிய ரசிகர் என்று நினைப்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று பெரியவளுக்குத் தெரியும். அவள் பேச வேண்டும்.

"இந்தப் பச்சை வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பாரும்மா சின்னவளே. எது நல்லாருக்கு?" என்றார் டெய்லர்.

"பச்சைதான்ப்பா. இந்த இளம்பச்சை. படுத்துட்டுப் பாத்தா கண்ணுக்குக் குளுமையா இருக்கும்."

"அப்ப அதையே அடிச்சிடுங்க தம்பி."

பெரியவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன் ரூமுக்கு என்ன கலர்க்கா? நீயே சொல்லேன்" என்றாள் சின்னவள்.

"எதுவா இருந்தா என்ன? நான் அங்க தூங்கத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தாள்.

கடையிலும் அன்றைக்கு அவளுக்கு நிம்மதி இல்லை. ஒரு அம்மாள் திரைச்சீலைத் துணி கொண்டுவந்து விரித்தாள். "பெரியவளே, நூல்" என்று எப்போதும்போல டெய்லர் கையை நீட்டினார். எப்போதும்போல இவள் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல்களில் ஒரு பிடிவாதம். நான்தான், நான் மட்டும்தான் என்று சொல்வதுபோல நூல்கண்டை அவர் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.

டெய்லருக்கு அது உறைக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே, "சின்னவ வந்ததும் வீட்டுக்கே ஒரு களை வந்துடுச்சில்ல?" என்றார்.

"ம்."

"அவ அம்மா மாதிரி. எதைத் தொட்டாலும் ஒரு நறுவிசு."

"ம்."

"மத்தியானம் சாப்பிடப் போறப்ப ரூமைப் பாக்கணும். அவ செலக்‌ஷன் எப்படி வந்திருக்குன்னு தெரியணுமே!"

அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலியை வாங்கிக்கொண்டவள் இவள். அம்மா மாதிரி இருப்பவள் அவள். பெரியவள் பட்டன் டப்பாவைப் படாரென்று மூடினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் டீத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஒரு வீட்டில் பால் திரிந்தால் மதியத்துக்குள் தெருக்கோடி வீடுவரை செய்தி வாசித்துவிடுவாள். புது பெயிண்டைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, சின்னவள் ஏன் மாற்றல் வாங்கினாள் என்று நோண்டிக்கொண்டிருந்தாள். சின்னவளும் சிரித்துச் சிரித்து நழுவிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் பின்கட்டில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

டெய்லர் நேராகத் தன் அறைக்குப் போனார். பெரியவள் பின்னாலேயே போனாள்.

முதல் கோட்டு முடிந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் நாலு சுவரும் இளம்பச்சையாக, அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல நின்றன. நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. அசிங்கமாக இருந்திருந்தால் பெரியவள் அன்றைக்குப் பொய்யே சொல்லியிருக்க மாட்டாள்.

டெய்லர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு? சின்னவ சொன்ன மாதிரியே வந்திருக்கா?"

கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தாள். இன்னமும் என்னைத்தான் கேட்கிறார் என்று நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்து முடிப்பதற்குள் அந்த 'சின்னவ சொன்ன மாதிரி' குறுக்கே வந்து நின்றது.

"ரோஸ்ப்பா" என்றாள்.

"என்னது?"

"ரோஸா வந்திருக்கு. பச்சையே இல்ல. மங்கலா, அழுக்கு ரோஸ். அவளுக்குப் பாக்கத் தெரியல."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஆனாலும் பதறவில்லை. பெரிதாக என்ன ஆகிவிடும்? அப்பா ஒரு பெருமூச்சு விடுவார். 'நீயே பாத்துச் சரி பண்ணும்மா' என்பார். நாளைக்கு இரண்டாவது கோட்டு முடிந்ததும், 'இப்பதான்ப்பா பச்சையாச்சு' என்று இவள் சொல்வாள். சுவரில் ஒன்றும் மாறியிருக்காது. அப்பா மனசில் மட்டும், பெரியவள் இல்லாவிட்டால் காரியம் ஆகாது என்று பதிந்துவிடும். அவ்வளவு சுலபமான பொய்யாகத்தான் அது அவளுக்குத் தெரிந்தது.

டெய்லர் பெருமூச்சு விடவில்லை. அவர் முகம் இறுகியது.

"அவ நல்லாத்தானே பாத்துச் சொன்னா! அவளுக்கா பாக்கத் தெரியாது? அந்த ஆளு கலரை மாத்தி அடிச்சு நம்ம புள்ளைய ஏமாத்தியிருக்கான்."

"அப்பா, இருங்க. நான் பேசிக்கறேன்."

"எல்லாத்தையும் நீயே எவ்வளவுதான் பாப்பே? விடு."

அவள் அவர் சட்டையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

"ஏம்பா தம்பி! இங்க வா. என் பொண்ணு படிச்சுப் படிச்சுப் பச்சைன்னு சொன்னா. நீ பாட்டுக்கு ரோஸை அடிச்சு வெச்சிருக்கே? கேக்க ஆளில்லன்னு நினைச்சியா?"

இத்தனை வருஷத்தில் டெய்லர் வெளியாட்கள் முன்னால் ஒரு நிறத்தின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னவளுக்காகச் சொன்னார். பெரியவளை நம்பிச் சொன்னார்.

ஈர பிரஷ்ஷோடு ஓடிவந்த பெயிண்டர் முதலில் சிரித்தார். "என்ன டெய்லர் சார், சாப்பாட்டு நேரத்துல நான்தான் கிடைச்சேனா விளையாட?"

"விளையாடறேனா? உள்ள போய்ப் பாரு."

"அடிச்சவனே நான்தானே சார்! பச்சைங்க அது. டின்னுலகூட ஒட்டிட்டிருக்கு பாருங்க" என்று டின்னைத் தூக்கிக் காட்டினார். டெய்லர் டின்னைப் பார்த்தார். பார்த்து அவருக்கு என்ன தெரியப்போகிறது?

ரேடியோ அதற்குள் தம்ளரோடு எழுந்துபோய் அறைக்குள் தலையை நீட்டிவிட்டு வந்தாள். "பச்சையாத்தானே இருக்கு! எந்த ஊர்ல இதை ரோஸும்பாங்க? டெய்லரண்ணே, உங்க கண்ணுக்கு என்னாச்சு?"

டெய்லரின் முகத்திலிருந்து கோபம் இறங்கியது. வேறு ஒன்றும் அங்கே ஏறவில்லை. துடைத்து வைத்தாற்போல நின்றார்.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். "இல்லக்கா, எனக்குமே ரோஸ் மாதிரிதான் தெரிஞ்சுது" என்றாள் ரேடியோவிடம். "ஈரம் காயல இல்ல? வெயில் வேற நேரா விழுது. காலையில நானே ஒரு நிமிஷம் திகைச்சுட்டேன். அப்பா சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல."

எவ்வளவு அழகாகச் சொன்னாள்! ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு மூச்சுப் பிசகு இல்லை. பெரியவள் இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலையை, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவள்போல அப்படியே செய்தாள்.

டெய்லர் திரும்பி அறை வாசலில் நின்ற பெரியவளைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தாள், பெயிண்டரும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. 'ஆமா, எனக்கும் அப்படித்தான் தெரியுது' என்றால் போதும். இரண்டு பெண்களும் ஒன்றாகச் சொன்னால் ரேடியோகூடத் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவாள். அப்பா தப்பித்துவிடுவார்.

ஆனால் அது சின்னவள் சொன்ன வார்த்தை. அவள் போட்ட பாதையில் இவள் பின்னால் நடக்க வேண்டும். அந்த நேரத்திலும் பெரியவளுக்கு நாக்கு எழவில்லை. என்ன மனசு பாருங்கள்!

டெய்லர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சின்னவளின் தோளில் கையை வைத்தார்.

"வேண்டாம்மா. ஒருத்தி பொய் சொன்னது போதும்."

பெயிண்டரிடம் திரும்பினார். "தம்பி, மன்னிச்சுக்க. எனக்கு நிறம் தெரியாது. பொறந்ததுலேருந்தே. பச்சையும் சிவப்பும் எனக்கு ஒண்ணு. நீ அடிச்சது சரியாத்தான் இருக்கும். போய்ச் சாப்பிடு."

ஒரு ஆயுள் பூராக் காத்து வைத்ததை, பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொல்லி முடித்துவிட்டார்.

ரேடியோ தன் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள். தம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "அடுப்புல சாதம் வெச்சிருக்கேன்" என்று கிளம்பினாள். அடுப்பிலும் இல்லை, ஒன்றும் இல்லை. வாய்க்குள் அவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு அவளால் உட்கார முடியவில்லை.

சாப்பாடு முடிந்தது. டெய்லர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்தில் பெட்ஷீட் போர்த்திய சோபாவில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அக்காவும் தங்கையும் சமையலறையில் மாட்டிக்கொண்டார்கள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்றாள் சின்னவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பெரியவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"என்னை ஏன் கேக்கறே? நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கலாம், நான் ஒண்ணு சொன்னா மட்டும் தப்பா? அப்பா உன்கிட்ட எப்ப சொன்னார்? வந்த அன்னிக்கேவா?"

"அப்பா ஒண்ணும் சொல்லல."

"பின்ன உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னாலதான்."

"என்னாலயா?"

"ஒரே வீட்டுல வளந்தவக்கா நான். வேற எந்த வீட்டுல பச்சைத் துண்டு, சிவப்பு பக்கெட்டுன்னு பேசிக்கறாங்க? நீ அப்பா இருந்தா ஒரு மாதிரி பேசுவே, அப்பா இல்லன்னா வெறும் துண்டு, வெறும் பக்கெட்டும்பே. ஸ்கூல் படிக்கறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

பெரியவள் திகைத்துப் போனாள். அப்பா இல்லாதபோது தான் நிறம் சொல்வதில்லை என்பது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தே?"

"அது உன் எடம். நான் எதுக்கு நடுவுல வரணும்?" சின்னவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குச் செருப்பைக் காணாம அல்லாடினார். நீ உள்ள இருந்தே. பாவமா இருந்துச்சு, வாய் தவறி வந்துடுச்சு."

"அப்ப ஷேடு கார்டு? அதை ஏன் உன்கிட்ட தூக்கிக் குடுத்தார்?"

"உனக்காகத்தான். 'கடையில நூலைப் பாத்துப் பாத்துப் பெரியவளுக்குக் கண்ணெல்லாம் எரியுது. வீட்டுலயாவது அவ கொஞ்சம் சும்மா இருக்கட்டும்'னார். உன்கிட்ட சொல்லலையா?"

இங்கே பெரியவள் உடைந்து அழுதாள் என்று எழுதினால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். அழத்தான் செய்தாள். ஆனால் அதற்கு முன்னால், கண்ணில் தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் வயிற்றில் மறுபடியும் அதே நெருப்புதான் எரிந்தது. தன்னைப் பற்றி அப்பா இவ்வளவு பிரியமாகச் சொன்ன ஒரு வார்த்தை, அதையும் இவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சோபாவில் அப்பா இல்லை. தினமும் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும் வாசலில் நின்று, "பெரியவளே, போலாமா?" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கடைச் சாவி ஆணியில் இல்லை. அவர் தனியாகப் போய்விட்டிருந்தார்.

காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். ஓடினால் தெருமுனையில் பிடித்துவிடலாம். பிடித்து என்ன சொல்வது?

"அக்கா" என்று பின்னாலிருந்து பெயிண்டர் கூப்பிட்டார். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுங்க. அந்த ரூமுக்கு ரெண்டாவது கோட்டு என்ன கலர்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? பச்சைன்னு காலையிலேயே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

"டெய்லர் சார்தான் உங்களைக் கேக்கச் சொன்னாரு. உங்க தங்கச்சி சொல்லிட்டாங்களேன்னேன். இல்ல, பெரியவளைக் கேளு, அவ பச்சைன்னா பச்சை, ரோஸுன்னா ரோஸுன்னுட்டாரு. ரோஸுன்னா நான் கடைக்குப் போயிக் கலந்து வாங்கிட்டு வரணும். அதான் இப்பவே கேக்கறேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ யாரிடமோ, "சத்தியமா! அவர் வாயாலேயே சொன்னாரு" என்று ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

பெரியவள் செருப்பிலிருந்து காலை எடுத்தாள். பச்சை என்றால் மத்தியானம் சொன்னது பொய் என்று இந்த மனிதர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். ரோஸ் என்றால் பொய் நிஜமாகிவிடும். அப்பா ஆயுள் முழுக்க அதற்குள்தான் படுத்து எழுந்திருப்பார். அவருக்கு வித்தியாசமே தெரியாது.

"கோவமா சொன்னாராங்க?" என்று கேட்டாள்.

"கோவமா? அதெல்லாம் இல்லக்கா. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு" என்றார் பெயிண்டர். "'எனக்கு எல்லாமே பெரியவ சொன்னதுதான் தம்பி. இத்தனை வருஷமா அவ சொன்ன நிறத்துலதான் நான் எதையும் பாத்திருக்கேன். இதையும் அவளே சொல்லட்டும்'னாரு."

பெயிண்டர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.